புள்ளடி போட்ட முட்டைகள்

கூரை வேலை செய்யிற சீமோனுக்குப் பாம்பைக் கண்டாலே ஆகாது. ஆனால் மோர்னிங்சைட்டில் அவர் இருக்கிற வீட்டின் கீழ்த்தளப் பேஸ்மென்ருக்குள் பதினாலு மாதமாய் ஆணும் பெண்ணுமாய் இரண்டு பைதன் கிடக்கின்றன. எல்லாம் மகள் கஜனி விட்டுவிட்டுப் போனவை. அவள் ஒரு பொடியனைக் கூட்டிவந்து காட்டினபோது, "உவன் சரிவரமாட்டான்" என்று வாசலில் வைத்தே சொன்னார் மனுசன். அன்றைக்கே அவனோடு ஒஷாவாவுக்குப் போனவள்தான், திரும்பி வரவில்லை.

பெண்பாம்பு ஏழு முட்டை போட்டது. படம் எடுத்து அனுப்பினார். பதினாலு மாதத்தில் முதல் மறுமொழி வந்தது.

"ஓ மை கோட், அப்பா! குஞ்சு பொரிச்சா உடன வாறன்."

அதை எத்தனை தரம் வாசித்தார் என்று அவருக்கே தெரியாது. பிறகென்ன, அந்த முட்டைதான் அவருக்கு உலகம். கஜனி சொன்னபடி, முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டுமுன் மெல்லப் பிரித்து, ஈரமண் போட்டு, கரண்டில் சூடேறுகிற பெட்டிக்குள் வைத்தார். ஒவ்வொன்றின் மேற்பக்கமும் பென்சிலால் பெருக்கல் குறிபோல் ஒரு புள்ளடி. இருட்டில் போனின் வெளிச்சத்தை ஓட்டோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். ஒன்று சின்னனாய், மஞ்சளாய், உள்ளே வெறுமையாய்க் கிடந்தது. அதை எறிந்தார். மற்ற ஆறிலும் சிவப்பு நரம்பு வேர்விட்டாற்போல் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாம் கிழமை கிங்ஸ்ரனில் மூன்று நாள் கூரை வேலை வந்தது. மனுசி அன்ரனெற்றிடம், "சூட்டை மட்டும் பார். முப்பத்தொண்டுக்குக் கீழ போகக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்து மூடியைத் திறந்தார். ஒரு புள்ளடியையும் காணவில்லை. ஒன்றை ஒரு விரலால் உருட்டினார். புள்ளடி அடியில் இருந்தது.

"ஆரடி இதுகளைத் திருப்பினது?"

"நான்தான். காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா." அன்ரனெற்றின் முகத்தில் சந்தோசம். பாம்பென்றால் படி இறங்காதவள், பாத்திரம் கழுவுகிற கையுறையைப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறாள். "கோழி அடைகிடக்கேக்க திருப்பித் திருப்பி விடுறதுதானே. இல்லாட்டி ஒரு பக்கமா ஒட்டிப்போடும்."

"இது கோழியோடி, விசரி? பாம்பு முட்டையைத் திருப்பினா உள்ளுக்குக் குஞ்சு மூச்சடைச்சுச் செத்துப்போம்! நீதான் சாகடிச்சனி."

"நீங்கள் சொல்லேல்லையே."

உண்மைதான், அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று நினைக்கவுமில்லை. அவள் தொடுவாளென்று ஆர் கண்டது?

அன்றிரவே வெளிச்சம் பிடித்துப் பார்த்தார். நாலில் நரம்பு கலங்கி, மங்கல் மஞ்சளாய்ப் போயிருந்தது. இரண்டில் சிவப்பு மிச்சம். ஐந்து நாளில் அதுவும் போனது. ஓட்டில் பச்சைப் பூஞ்சணம் ஏறியது.

எறியவில்லை. ஆறும் செத்தது தெரிந்தும் சூட்டை முப்பத்தொன்றில் வைத்தபடியே வைத்திருந்தார். கஜனி கேட்கிற நேரமெல்லாம் "இருக்குது, இருக்குது" என்று எழுதினார். பேஸ்மென்ர் நாறியது. அன்ரனெற் யன்னலைத் திறந்துவிட்டாள்.

எழுபதாம் நாள் கஜனியே போன் எடுத்தாள். "அப்பா, பொரிக்க எழுபது நாளுக்கெல்லாம் போகாது. தே ஆர் டெட், ரைட்? என்ன நடந்தது?"

அன்ரனெற் குசினி வாசலில் பாத்திரம் துடைக்கிற துவாயைப் பிடித்தபடி நின்றாள். சீமோன் அவளைப் பார்த்தார்.

"கரண்ட் நிண்டது பிள்ளை. நான் கவனிக்கேல்லை."

"நீங்கள் எப்பவும் இப்பிடித்தான். எதையும் ஒழுங்காப் பார்க்க மாட்டீங்கள்." பிறகு சொன்னாள். "அப்ப நான் வரத் தேவையில்லைத்தானே."

அவர் "ஓம்" என்றார். வேறென்னத்தைச் சொல்ல?

போனை வைத்தபிறகு அன்ரனெற் கேட்டாள். "நான்தான் எண்டு சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்திருப்பாளோ?"

அன்ரனெற் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியைக் குப்பைக்குத் தூக்கினாள்.