அந்தமான் சம்பந்தியும் அவரைக்காய்ப் பொரியலும்

கொரோனாவுக்காக முதல் ஊரடங்கு அறிவித்தார்களே, அந்த வாரம்தான் சென்னை அபிராமபுரத்தில் எங்கள் வாடகை வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் இரண்டே பேர், மாப்பிள்ளைப் பையனும் அவருடைய அப்பாவும். ஊர் அந்தமானில் போர்ட் பிளேர். பையனின் அம்மா வரவில்லை. அவருக்கு விமானம் என்றால் பயம், கப்பல் என்றால் வழி முழுக்க வாந்தி. "நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வந்து சொல்லுங்க, போதும்" என்று அனுப்பிவிட்டாராம்.

கேசரி, பஜ்ஜி எல்லாம் முடிந்ததும் எங்கள் இருவரையும் தனியாகப் பேசச் சொல்லி பால்கனிக்கு அனுப்பினார்கள். போர்ட் பிளேரில் இன்டர்நெட் ஆமை வேகம், மழைக்காலத்தில் கப்பல் வராவிட்டால் உருளைக்கிழங்குகூடக் கிடைக்காது என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். "திடீர்னு பிரியாணி சாப்பிடணும்னு தோணினா ஆர்டர் பண்ண முடியுமா?" என்று கேட்டேன். என்னை அவர் பார்த்த பார்வையில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. எனக்கு அடையாறில் வேலை, தோழிகள் எல்லாரும் இங்கேதான். இது சரிப்பட்டு வராது என்று அவர்கள் கிளம்பியதுமே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. "ரெண்டு நாள் போகட்டும்டி. ஜாதகம் பொருந்தலைன்னு போன்ல சொல்லிடலாம்" என்றார்.

அதற்குள் ஊரே மூடிவிட்டது. அவர்கள் தங்கியிருந்த தி.நகர் லாட்ஜையும் மூடப்போகிறார்கள் என்று சொல்லி, காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். விமானம் இல்லை, கப்பலும் இல்லை. "நடுத்தெருவுல நிக்கறோம் சார்" என்று பையனின் அப்பா போன் செய்தபோது, என் அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்ம வீடு எதுக்கு சார் இருக்கு? கிளம்பி வாங்க" என்றார். போனை வைத்த பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய், "வீட்ல உக்காந்து சாப்பிடறவங்ககிட்ட எப்படிடி வேண்டாம்னு சொல்றது?" என்று கேட்டார். அவர்கள் ஊருக்குப் போகும்வரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தோம்.

பையன் இருக்கும் இடமே தெரியாது. எங்கள் வீட்டு வைஃபை வேகத்தைப் பார்த்து மெய்மறந்து, லேப்டாப்போடு ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா வேறு ரகம். தீவுக்குத் தீவு போகும் படகுத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் மனைவியிடம் போனில் பேசுவார். ஸ்பீக்கரில்தான் பேசுவார் என்பதால் அந்தமான் நிலவரம் எங்கள் எல்லாருக்கும் அத்துப்படி. வந்து இறங்குகிறவர்கள் கையில் முத்திரை குத்தித் தனியாக வைக்கிறார்கள், தீவுகளுக்கு நடுவே படகு கிடையாது, பழங்குடியினர் இருக்கும் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது என்று அந்த அம்மா வரிசையாகச் சொல்வார். "முன்னல்லாம் கப்பல் வந்தா ஓடிப்போய் பாப்போம். இப்ப கப்பல் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்திக்கிறோம். நீங்க அவசரப்பட்டு வராதீங்க, இங்க நான் நிம்மதியா இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிடுவார்.

கேட்டுவிட்டு இவர் நிமிர்ந்து உட்காருவார். "அச்சா! தீவுக்காரன் சொல்றேன், கேட்டுக்கோங்க. நோய் நடந்து வராது, நாமதான் கூட்டிட்டு வரணும். வாசலை அடைச்சா முடிஞ்சுது." அன்றிலிருந்து எங்கள் வாசல் மிதியடிதான் படகுத்துறை. பால் வாங்கப் போன என் அப்பா, அதன்மேல் நின்று கை, கால், மூக்குக் கண்ணாடி எல்லாம் கழுவிய பிறகுதான் உள்ளே வரலாம். காய்கறிகளுக்கு உப்புத் தண்ணீரில் குளியல், அதற்குப் பிறகு பால்கனியில் ஒரு பகல் தனிமை. ஒருநாள் அம்மா மிளகாய் தாளித்த நெடியில் அப்பா தும்மிவிட்டார். "மிளகாய்தான் சார், மிளகாய்!" என்று அவர் கெஞ்சியும் பலனில்லை. கத்தரிக்காயோடு சேர்ந்து சாயங்காலம்வரை பால்கனியில் இருந்தார்.

கீழ்வீட்டில் இருந்த எங்கள் ஹவுஸ் ஓனர் மாமிக்கு இதெல்லாம் ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டில் முட்டைகூட உடைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு எங்களுக்கு வீடு கொடுத்தவர் அவர். "உங்க சம்பந்தி மாதிரி ஒருத்தர் இருக்கறது நம்ம எல்லாருக்கும் பாக்கியம்டீ. மாடி மாடியாப் போய்ச் சொல்லிண்டு இருக்கேன்" என்றார். சம்பந்தி! மாமி சொன்னால் தெருவே சொன்ன மாதிரி. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

வாரங்கள் ஓடின. படகுத்துறை அதிகாரி மெல்ல மெல்ல வாடிப்போனார். காரணம் எங்களுக்குப் புரியவில்லை. தட்டில் விழும் அவரைக்காய்ப் பொரியலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பெருமூச்சு விட்டுச் சாப்பிடுவார். "ரொம்ப நல்லா இருக்கு தங்கச்சி" என்று அம்மாவிடம் சொல்வார். அதனால் அம்மா இன்னும் ஒரு கரண்டி போடுவார்.

ஒருநாள் காலையில் அவரைக் காணவில்லை. போன் மேஜைமேல் இருக்கிறது. போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருக்குமோ, எங்காவது மயங்கி விழுந்திருப்பாரோ என்று எல்லாரும் பதறினோம். நானும் பையனும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகத் தேடி, பின்தெரு முனையில் வந்து சேர்ந்தோம்.

அங்கே ஒரு மீன்காரம்மா அலுமினியக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கடலுக்குப் போக மறுபடி அனுமதி கிடைத்திருந்த சமயம். எதிரே குத்துக்காலிட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார் எங்கள் சட்டதிட்டக்காரர்.

"இன்னா பெர்சு, அப்பலேர்ந்து மோந்துகினே கீற. வாங்கறியா, இல்லியா?"

"இல்லம்மா. தங்கியிருக்கற வீட்ல சமைக்கக் கூடாது. சும்மா பாத்துட்டுப் போறேன். எங்க ஊர்ல தினம் மீன்தான்."

அவர் கண் கலங்கியிருப்பதை மீன்காரம்மா பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த பையைத் திறந்து, தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்து நீட்டினார். உள்ளே பழைய சோறும் பொரித்த சங்கரா மீனும் இருந்தன. "இந்தா, துண்ணு. நான் வூட்டுக்குப் போய் துண்ணுக்கறேன். மீனைப் பாத்து அழுவற ஆளை இப்பதான் பாக்கறேன்."

ஒருவர் மூச்சுக்காற்றுக்கு இன்னொருவர் பயந்து, பக்கத்து வீட்டுக்காரரே ஒதுங்கிப்போன காலம் அது. அந்த அம்மா டப்பாவை நீட்ட யோசிக்கவில்லை, இவரும் வாங்க யோசிக்கவில்லை. நானும் பையனும் கொஞ்சம் தள்ளியே நின்றோம். பாதி மீன் உள்ளே போன பிறகுதான் அவர் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். உதட்டில் ஒரு முள் ஒட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது கீழே மாமி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மூக்கைச் சுளித்தார். "என்னடீ இது, ஏதோ வாடை வரதே?" அந்த நேரத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் ஐந்து பேரும் எங்கே போவோம்? நான் ஒரு பொய்யைத் தேடுவதற்குள் பையனின் அப்பா கைகூப்பி, "மீன்மா. நான்தான் தின்னேன். இவங்க மேல தப்பில்ல" என்றார்.

மாமி யோசித்தார். "எங்க வச்சு சாப்ட்டேள்?"

"தெருவுலம்மா."

"ஆத்துக்குள்ள வரலையோன்னோ? தெருவுக்கு நான் ஓனர் இல்ல. போய்க் குளிங்கோ."

மாடிக்கு வந்ததும் அவர் மிதியடியில் நின்றுவிட்டார். "நான் முகக்கவசத்தைக் கழட்டினேன், வெளியாள் டப்பாவுல சாப்பிட்டேன். சட்டம்னா சட்டம்தான்." குளித்துவிட்டு நேரே பால்கனிக்குப் போய் உட்கார்ந்தார். என் அப்பா அன்று இருந்த உற்சாகத்தில், தானே ஓடிப்போய் நாற்காலி போட்டுக் கதவைச் சாத்தினார்.

நானும் பையனும் மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். சிரித்து ஓய்ந்ததும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. முதல் நாளே எங்க அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். பிரியாணி பத்திக் கேட்டீங்களே, பாவம், இந்தப் பொண்ணு அங்க வந்து கஷ்டப்படும்னு தோணுச்சு. உங்க வீட்ல சாப்பிட்டுக்கிட்டே எப்படிச் சொல்றதுன்னு அப்பாவும் நானும் முழிச்சுக்கிட்டு இருக்கோம்."

நான் எங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னேன். மறுபடி சிரிப்பு. ஆனால் எழுந்து உள்ளே போகும்போது எனக்கு ஒரு பயம். பெரியவர்கள் மனம் புண்பட்டால், அதன் பிறகும் இதே வீட்டில் முகத்தோடு முகம் பார்த்து இருக்க வேண்டுமே. பால்கனிக் கதவைத் திறந்து, அப்பா, அம்மா இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லிவிட்டோம்.

உடனே பால்கனியிலிருந்து ஒரு பரிதாபக் குரல். "அப்ப நான் இத்தனை நாளா எதுக்கு அவரைக்காய் தின்னேன்?"

"அப்ப நான் எதுக்கு சார் பால்கனியில நின்னேன்?" என்றார் என் அப்பா.

அம்மாதான் முதலில் சிரித்தார்.

அதன் பிறகு மூன்று வாரங்களாவது அவர்கள் இருந்திருப்பார்கள். அவைதான் நன்றாக இருந்த நாட்கள். யாரும் யாருக்கும் மரியாதைக்காகச் சாப்பிடவில்லை. மீன்காரம்மாவுக்கு அம்மா தயிர்சாதம் கட்டிக் கொடுத்தனுப்பினார். விமானம் விட்டதும் ஊர் போய்ச் சேர்ந்தவர், தனிமை முகாமிலிருந்து போன் செய்தார். "இங்க ஒருத்தன் என்னைவிட மோசமா இருக்கான் சார்! தும்மக்கூட விடமாட்டேங்கறான்" என்று ஒரே புலம்பல்.

எனக்கு இங்கேயே கல்யாணமாகிவிட்டது. அந்தப் பையனுக்கும் அங்கே ஆனது. இரண்டு குடும்பமும் இன்னும் வாரம் தவறாமல் பேசிக்கொள்கிறோம். ஒருவரிடம் முடியாது என்று சொல்லவேண்டி வந்தால் இப்போதெல்லாம் நான் நாள் கடத்துவதில்லை. உண்மையைச் சொல்லிவிட்டு அதன் பிறகும் அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியும் என்பதை, வெளியே போக வழியில்லாத அந்தக் கோடையில்தான் நான் கற்றுக்கொண்டேன்.