தூங்கச் சொல்லி அனுப்பியவர்

ஆம்பூரில் நான் போகும் ஜிம்மின் முதலாளி, தோல் பதனிடும் ஷெட்டில் ஈரத்தோல் தூக்குவதற்காகப் பீகாரிலிருந்து வந்தவர். இப்போது வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும்கூட அவருக்கு ஜிம் இருக்கிறது. கட்டையான உடம்பு, தடித்த கழுத்து, கண்ணுக்குக் கீழே கருவளையம். ஷிப்டு முடிந்து யார் வந்தாலும் முதலில் அவர்கள் கையைத் திருப்பிப் பார்ப்பார். பிறகுதான் எடையைத் தொட விடுவார்.

ஒருநாள் ஷூ கம்பெனியில் கன்டெய்னரில் பெட்டி ஏற்றிவிட்டு ஜிம்முக்குப் போனேன். உள்ளங்கையை அமுக்கினார். என் விரல்கள் நடுங்கின.

"இன்னா சார், இன்னிக்கு லோடு ஜாஸ்தியா? தூக்குனது போதும். வூட்டுக்குப் போய்த் தூங்குங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. "நீங்க எப்பத்தான் தூங்குவீங்க?" என்றேன்.

"ஊருக்குப் போற ரயில்ல சார். ரெண்டு நாளும் தூங்கிக்கினே போவேன்."

"கடைசியா எப்ப போனீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "ரெண்டாவது ஜிம் திறக்கறதுக்கு முன்னாடி," என்றவர், அடுத்து வந்தவரின் கையைத் திருப்பினார்.

முணுமுணுத்தபடி வீட்டுக்கு வந்து படுத்தவன் காலையில்தான் எழுந்தேன். அன்று நான் தூங்கியது அவருடைய தூக்கத்தையோ என்று இன்னும் உறுத்துகிறது.