அரியண்டக் கதை

இந்த ஊரில் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்தால் பிள்ளைகளின் சின்னக் கதிரைகளில்தான் இருத்துகிறார்கள். முழங்கால் நாடியில் இடிக்க, கையில் தேநீர்க் கோப்பையோடு, தெற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளி மண்டபத்தில் போன மாதம் நானும் அப்படி இருந்தேன். பத்து வயதான என் மகளின் வகுப்பாசிரியை, சீனி போதுமா என்று கேட்ட அதே குரலில், உடம்பு வளர்வதைப் பற்றியும் பெண்பிள்ளைகள் பெரியவர்களாவதைப் பற்றியும் வகுப்பில் என்ன சொல்லித்தரப் போகிறார்கள் என்று விளக்கினார். திரையில் படம் ஓடியது. தகப்பன்மாரும் இருந்தார்கள். ஒருவர் கேள்வி கேட்டார், இன்னொருவர் கொட்டாவி விட்டார். நான் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். படத்தைப் பார்த்தல்ல, பாலையூற்றில் நான் கூட்டிய ஒரு கூட்டத்தை நினைத்து.

ஊரில் இதை வாசிக்கிறவர்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். அறுபதுகளின் தொடக்கத்தில், திருகோணமலைப் பட்டினத்துக்கு வெளியே, பாலையூற்றில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை, ஐந்தாம் வகுப்பு என் பொறுப்பு. அந்த வகுப்பில் செல்வமலர் என்றொரு பிள்ளை. நான் காய்ச்சலில் வராத ஒருநாள், சட்டையில் இரத்தக் கறையோடு எழுந்து நின்றிருக்கிறாள். தலைமை ஆசிரியர் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. "கிணத்துக் கயித்தைத் தொடாத, வீட்டை போ" என்று தனியே அனுப்பிவிட்டார்.

பிள்ளை வீட்டுக்குப் போகவில்லை. கிண்ணியாவுக்குப் போகப் படகுக்குக் காத்திருந்த ஒரு முஸ்லிம் பெண், துறைமுகக் கரையில் இடுப்பளவு தண்ணீரில் அவள் குந்தியிருப்பதைக் கண்டாள். படகை விட்டுவிட்டு, தன் துணியால் அவளைப் போர்த்தி, வழி விசாரித்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "வீட்டுக்குப் போகமாட்டனெண்டு அழுதுது. உங்கட பேரைத்தான் சொல்லிச்சு. புள்ள நல்லாப் பயந்து போயிருக்கு" என்றாள்.

"ஏன் பிள்ளை கடலுக்குள்ள இறங்கினனீ?"

"எனக்கு உள்ளுக்க என்னவோ வெடிச்சுப் போச்சு, ரீச்சர். உப்புத் தண்ணி பட்டாக் காயம் ஆறுமெண்டு அம்மா சொல்லுறவ."

அது காயமில்லை என்று சொல்லத்தான் எனக்கு நேரம் கிடைத்தது. அதற்குள் அவளைத் தேடி அலைந்த தகப்பன் வந்து கூட்டிப்போய்விட்டார். அவர் துறைமுகத்தில் கிளாக்கர். வெள்ளைச் சட்டை, மடிப்புக் குலையாத மனிதர்.

அடுத்த வெள்ளிக்கிழமை பின்னேரம் தாய்மாரை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்னேன். பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்வது என்று பேச அரசாங்க மருத்துவிச்சியும் ஒத்துக்கொண்டார். தாய்மார் ஒருவரும் வரவில்லை. தகப்பன்மார் வந்தார்கள். முன்வரிசை வாங்கில் கிளாக்கர்.

"ரீச்சர், நீங்கள் கலியாணம் முடிக்காத பொம்பிளை. இந்த அருவருப்பை, அரியண்டக் கதையைப் பிள்ளையளின்ர காதில போட ஆர் உங்களுக்கு உரிமை தந்தது?"

"உங்கட மகள் சாகப்போறன் எண்டு நினைச்சுத்தான் கடலுக்குள்ள இருந்தவ, ஐயா."

"அது வீட்டுக் கதை. வெளியில கதைக்க ஏலாது."

மருத்துவிச்சியை வாய் திறக்கவே விடவில்லை. தலைமை ஆசிரியர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியில் கதைக்க ஏலாத அந்தக் கதையை, இரண்டு கிழமை கழித்து, அதே மனிதர் வேப்பமரத்தில் ஒலிபெருக்கி கட்டி ஊர் முழுக்க அறிவித்தார். மகள் பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கு. பூச்சோடித்த கார், பலகாரத் தட்டங்கள், படமெடுப்பவர். கூட்டத்துக்கு வந்த அதே தகப்பன்மார் வெற்றிலை வாயோடு முன்வரிசையில் இருந்து, "இனிச் சீதனக் காணி பாக்கவேண்டியதுதான்" என்று சிரித்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளை, தன்னிலும் பாரமான சேலையில், வியர்த்துக்கொண்டு மணவறையில் இருந்தது. நான் திருநீறு பூசக் குனிந்தபோது என் காதில் கேட்டாள்:

"ரீச்சர், இது திரும்பியும் வருமா?"

அத்தனை பேர் வந்து வாழ்த்தியிருக்கிறார்கள். ஒருவர்கூடச் சொல்லவில்லை. "ஓம், மாதாமாதம் வரும். எல்லாருக்கும் வாறதுதான், பயப்பிடாத" என்றேன். "சிரி பிள்ளை" என்றார் படமெடுப்பவர். நான் சாப்பிடாமல் எழும்பிவிட்டேன். அதற்குப்பிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடவேயில்லை.

லண்டன் கூட்டம் முடிந்து வாசலுக்கு வந்தால், நம்மவர் ஒருவர், பொறியியலாளர், ஓடிவருகிறார். "அக்கா, பாத்தீங்களே அரியண்டத்தை? எழுதிக் குடுத்தாப் பிள்ளையளை வகுப்பால எடுக்கலாமாம். எல்லாருமாச் சேர்ந்து எடுப்பம்." இத்தனை கடல் தாண்டியும் அதே சொல். அதே மூச்சில், மூத்த மகளின் சடங்குக்கு அடுத்த மாதம் மண்டபம் எடுத்திருப்பதாகவும் நான் கட்டாயம் வரவேண்டும் என்றும் சொன்னார்.

"நான் வரமாட்டன், தம்பி. என்ர மகள் வகுப்புக்குப் போவாள்."

இதைத் தள்ளி நின்று பார்த்த ஆசிரியை அருகே வந்து, எங்கள் பண்பாட்டில் இதெல்லாம் பேசக்கூடாதது என்று தனக்குத் தெரியும் என மன்னிப்புக் கேட்டார். பேசமாட்டோம், ஒலிபெருக்கியில் அறிவிப்போம் என்றேன் எரிச்சலில். அவர் கண்கள் விரிந்தன. எவ்வளவு அழகான கொண்டாட்டம், நீங்கள் சேலை உடுத்துக்கொண்டு வந்து வகுப்புக்குச் சொல்ல முடியுமா என்றார். கடலுக்குள் இருந்த பிள்ளையை என் இங்கிலீசில் அவருக்கு விளக்க முடியவில்லை. என்னைக் காட்சிப்பொருளாக்கப் பார்க்கும் அந்தப் புன்னகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தேன்.

மகள் வகுப்புக்குப் போனாள். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டாள்: "அம்மா, இதுக்குத் தமிழில என்ன சொல்லுறது?"

துடக்கு. தூரம். வீட்டுக்கு விலக்கு. தீட்டென்று தள்ளிவைக்கிற இந்தச் சொற்கள்தான் என்னிடம் இருந்தன. ஒன்றையும் அவளிடம் கொடுக்க மனம் வரவில்லை. கடைசியில் புத்தகச் சொல்லைச் சொன்னேன். "மாதவிடாய்."

"மாடவிடாய்!" பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லிப் பார்த்தாள். வெள்ளைக்காரர் ஒருவரும் தலை நிமிரவில்லை. முன் இருக்கையில், குளிர்ச்சட்டைக்குக் கீழே சேலை தெரிய இருந்த ஒரு பெண் மட்டும் திடுக்கிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். மகளின் வாயைப் பொத்த என் கை தானாக எழுந்தது. அது பாதியில் நிற்க, என் வாய் அவளுக்குத் திருத்திக் கொடுத்தது: "மாட இல்லை அம்மா, மாத. மாதவிடாய். இன்னொருக்காச் சொல்லு."