தாவூது என்ற பெயரைத் தைத்தவள்

ஜமீலா இறந்துவிட்டாள். நேற்றே... மதியத் தொழுகையோடு அடக்கமும் முடிந்துவிட்டதாம். எனக்குச் செய்தி வந்தது இன்று காலை.

பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு போன் வர ஒரு நாள் ஆகுமா? காலையிலிருந்து உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாஷிங் மெஷினில் துணியைப் போட்டுவிட்டு ஸ்விட்சைப் போட மறந்திருக்கிறேன்.

இங்கே என்னைப் படிப்பவர்களுக்கு அவளைத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில் பாலக்கரையில் ஒரு எம்பிராய்டரி கடை. எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து மெஷின். சர்ச் பீடத்துணி, ஸ்கூல் பேட்ஜ், தர்காவில் போர்த்தும் வெல்வெட் போர்வை... எல்லாம் தைப்போம்.

ஒருநாள் ஒருவர் பச்சைப் போர்வைக்கு ஆர்டர் கொடுத்தார். ஓரத்தில் அவருடைய இறந்துபோன அப்பாவின் பெயர் அரபியில் வர வேண்டும். தாவூது.

முதலாளி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஜமீலா, உங்க எழுத்துதானே, நீயே போட்டுடு" என்றார்.

அவரிடம் தலையை ஆட்டிவிட்டு என்னிடம் வந்து கிசுகிசுத்தாள். "வசந்தா, எனக்கு ஓதத்தான்டி தெரியும். எழுத யாரும் சொல்லித்தரல. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"நான் கத்துக்கறேன், குடு" என்றேன்.

ஐந்தாவதோடு நின்ற படிப்பு என்னுடையது. இங்கிலீஷ் எழுத்தையே பஸ் போர்டும் கடை போர்டும் பார்த்துக் கற்றவள். அரபி மட்டும் வராதா? அவள் தம்பியின் பாடப் புத்தகத்தை வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில், சாப்பாட்டு நேரத்தில், குழம்பு கொதிக்கும் நேரத்தில்... எழுத்தெல்லாம் வந்துவிட்டது.

அவள் பெயரையே எழுதிக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னடி இது, ரேஷன் கடை க்யூ மாதிரி ஒண்ணொண்ணும் தள்ளித் தள்ளி நிக்குது! அரபியில எழுத்து ஒட்டிக்கிட்டுதான் வரும்."

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைத் திறந்து காட்டினாள். முதலில் வந்தால் ஒரு முகம், நடுவில் வந்தால் வேறு முகம், கடைசியில் வந்தால்தான் எழுத்துக்கு முழு வால். அவள் பெயரில் எல்லா எழுத்தும் ஒன்றோடொன்று ஒட்டும். நூலை அறுக்காமல் ஒரே ஓட்டமாகத் தைத்து, புள்ளிகளை மட்டும் தனியே வைத்தேன்.

"ஜ...மீ...லா" என்று படித்தாள். மெஷினோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அக்கா கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டாள். தாவூதையும் நான் அதே மாதிரி ஒட்டி, சரிகையில் தைத்து முடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

ஆர்டர் கொடுத்தவர் போர்வையை விரித்தார். "இது என்னங்க, கம்பளிப்பூச்சியா? எங்க அத்தா பேரைக் காணோமே?"

சில எழுத்துகள் தமக்கு முந்தியதோடு ஒட்டும், பிந்தியதோடு ஒட்டாதாம். தாவூது என்ற பெயரில் அத்தனையும் அந்த ரகம். நான் முதலில் எழுதிய மாதிரி தள்ளித் தள்ளித் தைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

"யாரு தைச்சது?" என்றார் முதலாளி.

லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்த ஜமீலா எனக்கு முன்னால் வாயைத் திறந்தாள். "நான்தான் முதலாளி."

"இல்லை. நான்தான்" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. உனக்கும் அரபிக்கும் என்ன சம்பந்தம்? அவளைக் காப்பாத்தப் பாக்கறியா?" அவளை நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஓதத் தெரிந்த ஒருத்தி அந்தத் தப்பைச் செய்யவே மாட்டாள். தானாகக் கற்றவள்தான் செய்வாள். அந்தத் தப்பைக்கூட என்னுடையது என்று நம்ப அந்தக் கடையில் ஒருவரும் இல்லை.

நானும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அவளுக்காக வரவில்லை. என் பேச்சுக்கு மதிப்பில்லாத இடத்தில் எப்படி உட்கார்வது?

ரோட்டிலேயே கத்தினாள். "பைத்தியமாடி உனக்கு? எனக்கு அத்தா சம்பாதிக்கறாங்க. உன் வீட்ல உன்னை விட்டா யாரு இருக்கா? உனக்காவது வேலை மிஞ்சட்டும்னுதானே சொன்னேன்!"

"என் தப்பை எடுத்துக்க நீ யாரு?"

"அந்தப் பேர்ல ஒரு எழுத்தாவது அடுத்ததுக்குக் கை குடுக்குதா பாரு. அப்படியே நீதான்!"

சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை சண்டை. அங்கிருந்து அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

எண்பதுகளில் ஒருமுறை ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பார்த்தேன். மடியில் மகள். என்னைக் காட்டி அந்தக் குழந்தையிடம் சொல்கிறாள்: "அம்மா ஒரு போர்வையைக் கெடுத்தேன்னு சொன்னேன்ல, அப்ப கூட இருந்தது இந்த அத்தைதான்."

கூட இருந்ததா? விடுவேனா நான்? காவேரிப் பாலம் முழுக்கச் சண்டை. "ரெண்டு பேரும் எறங்கிப் போய்ச் சண்டை போடுங்கம்மா" என்றார் கண்டக்டர். ஜமீலாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை பார்த்தோம், பேசினோம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் இறங்கி வரவே இல்லை...

இன்று போன் செய்தது அந்த மகள்தான். அழுதுகொண்டே, "கடைசி வாரம்கூட அந்தப் போர்வைக் கதையைச் சொன்னாங்க வசந்தாம்மா. நான்தான் கெடுத்தேன்னு" என்றாள்.

"இல்லம்மா. அதைத் தைச்சது நான்."



"நீங்க அப்படித்தான் சொல்வீங்களாம். நான் ஒத்துக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

போய் வா ஜமீலா. நாளைக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். உன் மகளிடம் நேரிலும் சொல்வேன்.