கரிமணலில் கிடந்த உப்பு

சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன். மணவாளக்குறிச்சிக் கரிமணலோடு அலுமினியத் தூளும் இரும்புத் துருவும் கலந்து பற்றவைத்தால், கலவை தன் சூட்டிலேயே எரிந்து உருகி, டைட்டானியம் கலந்த இரும்பாகிவிடும் என்று மாணவர்களிடம் பெருமையடித்திருந்தேன்.

அட்டெண்டர் சவரிமுத்து கடற்கரைக்காரர். செய்து காட்டும் நாளில், ஆய்வகத்தில் மணலை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“சாரே, உப்பு கெடக்கு. ஈரத்த இழுத்திருக்கும், சூட்டுல வெடிச்சிரும். கழுவி, வறுத்துட்டுப் போடுவோம்.”

“எனக்கே பாடம் எடுக்கீரா? தள்ளி நில்லும்!”

மக்னீசியத் திரியைப் பற்றவைத்தேன். வெள்ளை வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மறுநொடி, கலவை இருந்த மண்சட்டி வெடித்து, உருகிய இரும்பு கூரைவரை சிதறியது. என்னைப் பிடித்துத் தள்ளிய சவரிமுத்துவின் முகத்தில் அது விழுந்தது. அலறியபடி தரையில் புரண்டார். சதை கருகும் நாற்றம் அறையை நிறைத்தது.

நான் அவரிடம் போகவில்லை. உலோகத்தைத் தேடினேன். ஓரமாக, மொச்சை அளவில் ஒரு துண்டு சிவந்து கிடந்தது. இடுக்கியால் எடுத்தேன்.

“சாரே, உமக்கு ஒண்ணும் ஆவல்லியே?” கண்ணைத் திறக்க முடியாமல் கேட்டார் அவர்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் அவருடைய ஒரு கண்ணை எடுத்துவிட்டார்கள். அந்தத் துண்டு இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. யார் கேட்டாலும், நான் செய்தது என்றுதான் சொல்லிவருகிறேன்.