மாமா தட்டைக் காலி செய்த கதை

என் அக்கா சிப்ஸ் தொழிற்சாலையில் மசாலா தூவும் மெஷின் உருளைக்குப் பக்கத்தில் நிற்பவள். பொரித்த சிப்ஸ் உள்ளே புரளும், மேலிருந்து ஆரஞ்சு நிறத் தூள் கொட்டும். தலைக்குக் குளித்தாலும் அந்த வாசனை அவளை விட்டுப் போகாது. சொன்னால், "என்ன வாசனை?" என்று நம்மையே கேட்பாள்.

அவள் கணவர், என் மாமா, பஸ் டிரைவர். சிக்னலில் வண்டி நின்றால் போதும், சிப்ஸ் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து வாயில் கவிழ்த்துக்கொள்வார். ஒருநாள் டிப்போவில் இடது கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. லேசான பக்கவாதம்.

"பாக்கெட்ல வர்ற எதுவும் வேணாம். காய், பயறு, பழம்னு வீட்டுல செஞ்சதைக் குடுங்க. உப்பைக் குறைங்க. பிரஷர் இறங்கினாத்தான் வண்டி ஓட்டக் கையெழுத்துப் போடுவேன்" என்றார் டாக்டர். மாமாவுக்கு வண்டிதான் உயிர். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த அந்த மனிதரைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முதலில் அவித்த பீன்ஸைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"இதை மனுஷன் தின்பானா?"

தட்டு அப்படியே திரும்பியது. அப்புறம் எப்படியோ வழிக்கு வந்தார். பீன்ஸ், கேரட், பயறு, எது வைத்தாலும் வழித்துச் சாப்பிட்டார். இடது கை விரல்கள் மறுபடி மடங்கி நீளத் தொடங்கின. நானும் வேலை மெனக்கெட்டு அக்காவின் கைப்பக்குவத்தை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தேன். பிரஷர் மட்டும் இறங்க மாட்டேன் என்றது. மாத்திரையைக் கூட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சமையலறையில் நான் மிளகு தேடியபோது ஒரு டப்பாவைத் திறந்தேன். ஆரஞ்சுத் தூள்.

"இது எப்படிக்கா இங்க?"

"மெஷினைத் துடைக்கறப்ப ஓரத்துல நிக்கும். நாங்க எல்லாரும் எடுத்துக்குவோம்."

"மாமாவுக்குப் போடறியா?"

"ஒரு ஸ்பூன். டாக்டர் சிப்ஸைத்தானே வேணாம்னாரு? நான் உப்பே போடறதில்ல."

"அடிப்பாவி, அதுல பாதி உப்புதானே."

அக்கா டப்பாவை வாங்கி மூடினாள். திட்ட இன்னும் நிறைய இருந்தது. ஆனால் அவள் முகத்தில் தப்புச் செய்த அடையாளமே இல்லை, யாரைத் திட்டுவது?

அந்த வாரமே டாக்டரிடம் போனோம். பிரஷரால் மாமாவின் கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை குறைந்திருக்கிறது, இனி பஸ் ஓட்ட முடியாது என்றார்.

"சாப்பாடு சரியா இருந்தும் ஏன்னு புரியலை" என்றார் டாக்டர்.

"நான்தான் மசாலாத் தூள் போட்டேன்" என்றாள் அக்கா, விலாசம் சொல்வதுபோல.



"அதான் வாய்க்கு நல்லா இருந்துச்சு" என்றார் மாமா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை.

இனி வீட்டுக்கு அவள் ஒருத்தி சம்பளம்தான். மறுநாள் காலை மாமாவுக்கு வெறும் பயறை அவித்து மூடி வைத்துவிட்டு, அக்கா சிப்ஸுக்குத் தூள் போடக் கிளம்பிப் போனாள்.