சுக்கு போட்ட மசால்

என் மாமனார் எல்லப்பனுக்குத் தன் மூக்கின் மேல் அசாத்திய நம்பிக்கை. உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற வேலை அவருக்கு. நெல் வெந்துவிட்டதா என்று மற்றவர்கள் கையில் எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். இவர் பத்தடி தள்ளி நின்று ஆவியை முகர்ந்துவிட்டு, எறக்கு என்பார். ஒருநாளும் தப்பியதில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். மில்லில் யாரும் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மூக்கு வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அவர் குடியிருந்த பெருநகர் காலனியில் கறிமசால் வறுத்து இடிப்பது பெண்களின் வேலை. அவர் வீட்டில் மட்டும் அது அவருடைய வேலை. கல்யாணமான புதிதில் என் மாமியார் செங்கேணி தனியாவைக் கொஞ்சம் கருக்கிவிட்டாராம். அன்றைக்குக் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கியவர், இருபத்து மூன்று வருஷமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை. தெருவில் போகிற ஆண்கள் கேலி செய்வார்கள். மாமியாருக்கு இதில் துளியும் வருத்தம் கிடையாது. அவர் வறுக்கட்டும், நான் தின்கிறேன் என்று காலை நீட்டி உட்கார்ந்துவிடுவார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை வாசலில் மூன்று கல்லை வைத்து மண்சட்டியை ஏற்றுவார். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி வறுப்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. தனியா தனியாக, மிளகு தனியாக, அப்புறம் சீரகம், சோம்பு, பட்டை, லவங்கம், கசகசா, குழம்பு கெட்டிப்பட ஒரு பிடி பச்சரிசி. மிளகாயைக் கடைசியில் போடுவார். அப்போது தெருவே இருமும். இதெல்லாம் மற்ற வீடுகளிலும் உண்டுதான். அவருடைய தனி வேலை சுக்கு. விரல் நீளத்துக்கு நாலைந்து துண்டு சுக்கைத் தட்டிப் போட்டு, மிளகையும் ஒரு பங்கு கூடவே சேர்ப்பார். ஆட்டுக்கறிக்கு இஞ்சி போதும், மாட்டுக்கறிக்குச் சுக்கு இல்லாவிட்டால் வயிறு பேசும் என்பது அவர் கட்சி.

மாட்டுக்கறி என்று நான் எழுதிவிட்டேன். காலனியில் பலரும் அப்படி வாய்விட்டுச் சொல்வதில்லை, பெரிய கறி என்பார்கள். பஸ்ஸில் போகும்போது அதையும் சொல்ல மாட்டார்கள். மாமனார் மட்டும் உரக்கச் சொல்வார். "ஆட்ட துன்னா ஆட்டுக்கறின்றோம். மாட்ட துன்னா இன்னாத்துக்கு பேர மாத்தணும்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்.

வறுத்ததை மிஷினுக்குக் கொண்டுபோக மாட்டார், உரலில்தான் இடிப்பார். மிஷின் சூட்டில் வாசனை செத்துவிடும் என்று காரணம் சொல்வார். அதுவும் உண்மைதான். ஆனால் ஒரு தடவை ஊருக்குள் இருந்த மிஷின்காரர் இது எந்தக் கறிக்கு என்று கேட்டுவிட்டு, எல்லாரும் அரைத்துவிட்டுப் போன பிறகு கடைசியில் வரச் சொன்னாராம். வெறும் மிளகாயும் தனியாவும்தானே இருக்கிறது, இதில் மாடு எங்கே என்று இவர் கேட்டிருக்கிறார். மிஷின்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இவர் டின்னைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உலக்கையை எடுத்தவர்தான்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய் என் அப்பா வாயைக் கொடுத்தார்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். உத்திரமேரூர் யூனியன் ஆபீஸில் நான் கிளார்க். ஆபீஸை ஒட்டி ஒரு கூடத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. எல்லப்பனின் மகள் தேவகி அங்கே வருவாள். வகுப்பு மூன்று மணிக்கு முடியும் என்பதால் எனக்கும் சரியாக மூன்று மணிக்கு டீ குடிக்கத் தோன்றும். இரண்டு மாதம் இப்படி டீ குடித்த பிறகு வீட்டில் சொன்னேன். அப்பாவும் மறுக்காமல் பெண் பார்க்கப் புறப்பட்டார்.

அப்பா வீராசாமி வாத்தியார் என்றால் பள்ளிக்கூடத்து வட்டாரத்தில் தெரியும். காவாந்தண்டலம் காலனியில் பிறந்து, படித்து, வேலை கிடைத்து, காஞ்சிபுரத்தில் வாடகைக்கு வீடு தேடியபோது வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அந்தக் கறி சாப்பிடுவீர்களா? அப்பா இல்லை என்றார். சொன்ன பொய்யை மெய்யாக்க அன்றோடு விட்டுவிட்டார். அதன்பிறகு நாலு வீடு மாறியும் அந்தச் சொல் மட்டும் மாறவில்லை. பேச்சையும் மாற்றிக்கொண்டார். எங்களிடம் பாடப்புத்தகத் தமிழில்தான் பேசுவார். சாப்பிடும்போது போட்டதைச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். இன்னும் கொஞ்சம் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெண் பார்த்து முடிந்ததும் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கத்தை விட்டு இருபது வருடங்கள் ஆகின்றன, சம்பந்தம் செய்துகொள்ளும் வீட்டிலும் அது இருக்கக்கூடாது என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லப்பன் யோசித்துச் சொல்லியனுப்புவதாக மட்டும் சொன்னார். மிஷின்காரருக்குச் சொன்னதை இவருக்கும் சொல்லியிருக்கலாம். ஆனால் கதவுக்குப் பின்னால் தேவகி நின்றிருந்தாள். என்னைப் பிடித்திருக்கிறது என்று அவள் அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாளாம்.

ஒரு வாரத்தில் சம்மதம் என்று ஆள் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் கறி கொண்டுவருகிற பாயிடம், இனி என் வீட்டில் நிற்காதே என்று மாமனார் சொல்லிவிட்டார். அடுத்தடுத்த ஞாயிறுகளில் கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டு, லீவு நாளிலும் மில்லுக்குக் கிளம்பிவிடுவாராம். பக்கத்து வீடுகளிலிருந்து கொதிக்கிற வாசனை வருமே, அதைத் தாங்க முடியவில்லை. அந்த மூக்கு அவரை அப்படிப் படுத்தியது. அந்த மாதம் மசாலும் இடிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிவாகிற வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட்டுவிட்டால் முடிவாகிவிட்டது என்று அர்த்தம். சாப்பாட்டுக்கு நடுவில் இலையை விட்டு எழுந்தால், எல்லாமே அதோடு சரி. ஆவணியில் ஒரு நல்ல நாளில் அப்பாவும் நானும் கை நனைக்கப் போனோம். மாமனார் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து காத்திருந்தார். வீட்டில் மாமியார் ஆட்டுக்கறி எடுத்து ஆக்கிக்கொண்டிருந்தார்.

வினை அங்கேதான் நடந்தது. குழம்பு கொதித்ததும் மாமியாரின் கை, பழக்கத்தில், மசால் போட்டு வைக்கிற ஊறுகாய் ஜாடிக்குப் போயிருக்கிறது. போன தடவை இடித்த மசால் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கறியை மாற்ற வேண்டும் என்பது நினைவிருந்த மனுஷிக்கு மசாலை மாற்ற வேண்டும் என்று தோன்றவில்லை.

இலை போட்டார்கள். மாமனார் குழம்புச் சட்டியைத் தூக்கி வந்து மூடியைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சட்டியோடு திரும்பிப் போகவும் முடியாது, எனவே ஊற்றினார். நான் சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான குழம்பை நான் அதற்கு முன்பு தொட்டதே இல்லை. அடுத்த கவளம் எடுக்கும்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பிசைந்த சோற்றிலேயே கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

எழுந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கதவோரம் தேவகி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். மாமனார் சட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, நகரவும் இல்லை.

அப்பா இரண்டாவது வாய் எடுத்தார். மூன்றாவது எடுத்தார். இலை காலியானதும் நிமிர்ந்து, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். அதன்பிறகு இன்னொரு தடவையும் கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரத்தினால் என்று சொல்லிக்கொண்டேன்.

கை கழுவ வாசலுக்கு வந்தோம். மாமனார் சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினார். அப்பா கையை நீட்டியபடி, குனிந்த தலை நிமிராமல் பேசினார்.

"கறிய மாத்திட்டீங்க சம்பந்தி. மசால மாத்தலயே."

இருபது வருஷமாக நான் கேட்காத பேச்சு அது. மாமனாருக்கு அதைக் கவனிக்கிற நிலை இல்லை. "தப்பு ஆயிப்போச்சி வாத்தியாரே. வூட்ல இருந்த பழய மசால் அது. மாட்ட தொட்டு அஞ்சி வாரம் ஆவுது. எங்க வேணா வந்து சத்தியம் பண்றேன்" என்றார். மில்லில் யாருக்கும் தலை வணங்காத மனிதர், மகளுக்காகக் கெஞ்சினார். எனக்கு அப்பா மேல்தான் கோபம் வந்தது.

அப்பா கையைத் திரும்பவும் கழுவினார். பிறகு விரல்களை மூக்கருகே கொண்டுபோனார்.

"எங்கம்மாவும் சுக்கு போட்டுதான் இடிக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் நின்ற எனக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில், "வர ஞாயித்துக்கெயம நான் மட்டும் வரேன். கறிய மாத்தாதீங்க" என்றார்.

மாமனார் சொம்பில் மிச்சமிருந்த தண்ணீர் முழுவதையும் அப்பாவின் காலில் ஊற்றிக்கொண்டே நின்றார். அப்பாவும் காலை நகர்த்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாமனார் இரண்டு பங்கு மசால் வறுத்தாராம். தெரு முழுக்க இருமித் தீர்த்ததாகத் தேவகி பிற்பாடு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் சங்கக் கூட்டம் என்று வீட்டில் சொல்லிவிட்டு அப்பா காலை பஸ்ஸிலேயே கிளம்பினார். மாப்பிள்ளை நான். என்னைக் கூப்பிடவில்லை. சட்டியில் இருந்ததை இரண்டு பேருமாகத் தீர்த்துவிட்டு, வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம்.

சாயங்காலம் திரும்பி வந்தவரிடம் கூட்டம் எப்படி என்று அம்மா கேட்டாள். மிகவும் சிறப்பாக நடைபெற்றது, இனி மாதந்தோறும் நடைபெறும் என்றார் அப்பா.